பச்சை லேண்ட்மாஸ்டர்

முதலில் டயரை உதைப்பார்கள்.
ஏனென்று யாருக்கும் தெரியாது.
உதைத்துவிட்டு, டயர் ஏதோ பதில் சொன்னதுபோல்
தலையை ஆட்டிக்கொள்வார்கள்.

வெலிமடை ரோட்டில், பொரலந்தைக்குச் சற்று முன்னால்
எங்கள் கடை.
வாசலில் ஒன்பது லேண்ட்மாஸ்டர்,
நாலு சக்கர ட்ரக்டர் இரண்டு,
உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் மெஷின் ஒன்று.
உள்ளே நான் பில் எழுதுகிறேன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
பதினொரு வருடம் பார்த்தாயிற்று.

சிவப்பு விற்கும். நீலம் விற்கும்.
பச்சை மட்டும் கழிவு போட்டால்தான் நகரும்.
பொழுதெல்லாம் மலையில் பார்க்கிற நிறத்துக்கு
எவன் காசு கொடுப்பான் என்பார் முதலாளி.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு விடுதிக்காரர் வந்தார்.
புல் மெஷினில் ஏறி உட்கார்ந்தார்.
ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பி
வாயாலேயே சத்தம் கொடுத்தார்.
கோப்பை வைக்க அதில் ஒரு குழி இருந்தது.
அந்தக் குழிக்காகத்தான் வாங்கினார் என்பேன்.
அவருடைய புல்தரை
கூரைத் தகரத்தைவிடச் செங்குத்து என்று
சர்வீசுக்குப் போய்வந்த தவராசா சொன்னான்.
இப்போது சீட்டில் பூச்சட்டி வைத்திருக்கிறாராம்.
கோப்பைக் குழியில் ஒரு கள்ளி.

ஊவா பரணகமையிலிருந்து அண்ணனும் தம்பியும்.
"எத்தனை குதிரை?"
ஏழு என்றால் முகம் வாடியது.
பன்னிரண்டு என்றதும்
அண்ணன் தம்பியைப் பார்த்தான்.
அவர்கள் குதிரை பார்த்தது
ஏப்ரல் மாதம், நுவரெலியாவில்,
வேலிக்கு வெளியே நின்று.
பன்னிரண்டையும் ஓட்டிக்கொண்டு போனார்கள்,
அரை ஏக்கர் உருளைக்கிழங்குக்கு.

பெல்ட் அறுந்தால் எங்கே கிடைக்கும்,
சரிவில் சாய்ந்தால் எந்தப் பக்கம் குதிப்பது
என்று ஒருவரும் கேட்டதில்லை.
நான் சொல்லலாம்.
கண்ணாடியில் காசு வாங்க ஓட்டை உண்டு,
குரல் போகிற அளவு.
ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்கு அரை
எனக்கும் உண்டு.

அமராவதி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல மழை.
சேமலாபக் காசு கைக்கு வந்து மூன்று நாள்.
கொழுந்து எடுத்த விரல்கள்; நகத்தில் இன்னும் கறை.
டயரை உதைக்கவில்லை.
பையிலிருந்து ஒரு கயிறு எடுத்தார், இரண்டு முடிச்சு.
"எங்க கான் பாலம் இவ்வளவுதான் தம்பி,
இதுக்கு மேல அகலம்னா அந்தப் பக்கம் போகாது."

சேல்ஸ் பையன் சிரித்தான்.
அவர் ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து
சக்கரத்துக்குச் சக்கரம் கயிறு பிடித்தார்.
ஒன்பதும் அகலம்.
ஆனாலும் பச்சையின் ஸ்டார்ட் கயிற்றை
ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாமா என்றார்.
மூன்று தடவை இருமியது, நாலாவதில் பிடித்தது.
"அடுத்தவன் வந்து இழுத்துக் கொடுக்கணும்னா
எனக்கு வேணாம், அதான் பார்த்தேன்."
அணைக்கத் தெரியவில்லை. பையன் அணைத்தான்.
கயிற்றைச் சுருட்டிக்கொண்டு
மூன்றரை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது
சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன்.
தவராசா கோப்பையை வைத்தான்.
"பச்சையிலே சக்கரம் ரெண்டையும்
உள்பக்கமாத் திருப்பிப் பூட்டினா
நாலு அங்குலம் குறையுமே.
கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

யார் கேட்டிருக்க வேண்டும்?
அவர் கயிற்றோடு வந்தார்.
பதினொரு வருடம் விற்கிற எங்களிடம்
கயிறுகூட இருக்கவில்லை.

பில் புத்தகத்தைப் புரட்டினேன்.
வாங்கியவர்களின் நம்பர் எல்லாம் இருக்கிறது,
கள்ளி வளர்க்கிறவருடையதும்.
வாங்காமல் போனவருக்கு
அதில் ஒரு கோடும் இல்லை.

பச்சை இன்னும் போகவில்லை.
வாசலில் யாராவது அதை உதைத்தால்
எழுந்து போய்
எங்கே உழப்போகிறீர்கள் என்று கேட்கிறேன்.
முதலாளிக்குப் பிடிக்கவில்லை.